எண் இல்லாத ஆணி

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்துபோகும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புத் தருவதாகச் சொல்லிவிட்டு, கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்றும் அது விதிக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் மூன்று பங்கும் உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிவந்த கப்பல் என்றால் ஆளுக்குப் பாதி.

பாதி என்று கல்லில் வெட்டுவது எளிது. பங்கு பிரிக்க வேண்டுமானால் கரைசேர்ந்தது எது, எத்தனை, என்ன நிறை என்று ஒருவர் இருந்து எண்ணியாக வேண்டும். உடைந்த கப்பலின் பொருட்களுக்குக் கணக்கு வைக்கும் வேலை இந்தத் தீவுப் பகுதிக்குப் புதிதன்று. அந்தக் காலத்துக் கணக்கு விலைக்காக நடந்தது. இன்று கடலடித் தொல்லியலாளர் எழுதும் பதிவேட்டில் விலை என்ற நிரலே கிடையாது. அந்த இடத்தில் வேறு கேள்விகள் இருக்கின்றன: இது கப்பலின் எந்தப் பக்கத்தில் கிடந்தது, எதன்மேல் கிடந்தது, எதனோடு ஒட்டியிருந்தது? பீரங்கியும் நங்கூரமும் இந்தக் கேள்விகளுக்குத் தாமே ஓரளவு பதில் சொல்லிவிடும். ஆணி, பொத்தான், ஈயக்குண்டு, நாணயம், தூண்டில், கொளுக்கி போன்ற சின்ன உலோகப் பொருட்களுக்குத்தான் பதிவேடு உயிர்நாடி. அவை கைக்குள் அடங்கிவிடும், கைமாறியும் போய்விடும்.

இலங்கையில் இதற்கு நல்ல உதாரணம் 1961 இல் கிடைத்தது. தென்கிழக்குக் கரைக்கு அப்பால், மகா இராவணன் கோட்டை என்று மீனவர் சொல்லும் கிரேட் பேசஸ் பாறைத்தொடரில், திரைப்படக் கலைஞரும் சுழியோடியுமான மைக் வில்சன் அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு பழைய கப்பலின் எச்சங்களைக் கண்டார். வெண்கலப் பீரங்கிகளோடு வெள்ளி நாணயங்களும் கிடைத்தன. அவருடைய நண்பரும் எழுத்தாளருமான ஆர்தர் சி. கிளார்க் அந்தக் கதையைப் பின்னர் ஒரு புத்தகமாகவே எழுதினார். நாணயங்கள் ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள். சூரத் அக்கசாலையில் ஹிஜ்ரி 1113 இல், அதாவது கி.பி. 1701-02 இல், அடிக்கப்பட்டவை.

என்னை ஈர்ப்பது அவற்றின் உருவம். ஒரு பகுதி உதிரியாகக் கிடைத்தது. மற்றவை கட்டிகளாக வந்தன. ஒவ்வொரு கட்டியும் ஒரு பையின் வடிவத்தில் இருந்தது. தென்னந்தும்புப் பைகளில் ஆயிரம் ஆயிரமாகக் கட்டி ஏற்றிய பணம் அது. பை உக்கிப்போனது, அதற்கு முன்பே நாணயங்கள் ஒன்றோடொன்று இறுகிப் பையின் உருவத்தை எடுத்துக்கொண்டன. ஒரு ரூபாயின் நிறை ஏறத்தாழ 11.5 கிராம். ஆயிரம் ரூபாய் 11.5 கிலோ, பழைய கணக்கில் 25 இறாத்தல். கட்டியைத் தராசில் வைத்தாலே அதற்குள் எத்தனை நாணயம் என்று மதிப்பிட்டுவிடலாம்.

இப்போது அந்தக் கட்டி அவசரக்காரர் ஒருவரிடம் அகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அமிலத்தில் போட்டு ஊறவைத்து, தட்டி உடைத்து, பளபளவென்று ஆயிரம் ரூபாயையும் தனித்தனியாக எடுத்துவிடுகிறார். ஒரு நாணயம்கூடத் தொலையவில்லை. ஆனால் பை தொலைந்துவிட்டது. எண்ணிக் கட்டிய முறை, பைக்குப் பை ஒரே அளவாக வைத்த வணிக ஒழுங்கு, ஒரே அக்கசாலையில் ஒரே ஆண்டில் அடித்த பணம் புழக்கத்துக்கே போகாமல் நேரே கப்பலேறியது என்ற செய்தி, எல்லாம் அந்த ஒட்டலில்தான் இருந்தன. பொருட்களுக்கு இடையிலுள்ள உறவைக் காப்பதற்காகவே பதிவேடு இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது இதைத்தான்.

அந்த உறவு கடலுக்குள் எப்படி உருவாகிறது என்பதற்குக் கொஞ்சம் இரசாயனவியல் வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து எழுதும் எனக்கு அதைப் பேசுவது பொருத்தமானதே. 1848 இல் இங்கே மருத்துவமனை அமைத்துத் தமிழ் மாணவருக்கு மேலைநாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், இரசாயனத்தையும் தமிழிலேயே படிக்க முடியும் என்று நம்பி 1875 இல் ‘கெமிஸ்தம்’ என்ற பாடநூலை வெளிக்கொண்டு வந்தவர்.

கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இதில் உலோகத்துக்கு எமன் குளோரைட்டு அயன். இரும்பு அதில் கரையக் கரைய, சுற்றியுள்ள நீரின் அமில காரத் தன்மை மாறுகிறது. நீரில் கரைந்திருந்த கல்சியம் காபனேற்று துருவோடு சேர்ந்து படிகிறது. மணலும் சிப்பியும் பவளமும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. சில பத்தாண்டுகளில் ஆணி இருந்த இடத்தில் ஒரு கற்கட்டி. பக்கத்தில் கிடந்த ஈயக்குண்டு, பித்தளைப் பொத்தான், மட்பாண்டத் துண்டு, கயிற்று முனை எல்லாவற்றையும் அந்தக் கட்டி தனக்குள் இழுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் அடித்த இரும்பு தொடர்ந்து கரைகிறது. இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் பல ஆணிகள் முற்றாகவே போய்விடுகின்றன. மிஞ்சுவது ஆணியின் வடிவத்தில் ஒரு வெற்றிடம். வார்ப்பிரும்பின் கதி வேறு. இரும்பு வெளியேற, உள்ளிருந்த காரீயம் மட்டும் பழைய வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பார்வைக்கு முழுப் பீரங்கிக் குண்டு, தூக்கினால் பாரமில்லை, கத்தியால் சீவலாம். கடலிலிருந்து எடுத்துக் காற்றில் வைத்த இத்தகைய குண்டுகள் ஒட்சிசன் பட்டதும் சூடேறிப் பிளந்ததுண்டு.

வெள்ளியைத் தாக்குவது பெரும்பாலும் கந்தகம். ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் ஒருவகைப் பற்றீரியா, கடல்நீரின் சல்பேற்றிலிருந்து ஐதரசன் சல்பைட்டை உண்டாக்குகிறது. அது வெள்ளியைக் கறுப்பாக்கி, விட்டால் நாணயம் முழுவதையும் சல்பைட்டாக மாற்றிவிடும். செம்பும் வெண்கலமும் கடலுக்குள் ஓரளவு நிம்மதியாக இருக்கும். வெளியே வந்தபிறகுதான் அவற்றுக்கு நோய் வரும். உள்ளே தங்கிய செப்புக் குளோரைட்டு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தைத் தர, அமிலம் புதிய செம்பைத் தின்ன, வெளிறிய பச்சைத் தூள் கொட்டத் தொடங்கும். நூதனசாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடிய பின்னும் இது நடக்கும். ஈயம் வெள்ளைத் தோல் ஒன்றைப் போர்த்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கும். பொன்னுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு கிடந்தால் தாழ்ந்தது கரைந்து உயர்ந்ததைக் காப்பாற்றும். இரும்போடு ஒட்டிக் கிடந்த செப்புப் பொருள் புதிதுபோல வெளிவருவதும், இரும்பு இருந்த சுவடே தெரியாமல் போவதும் அதனால்தான். பொத்தான் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பின்னர் ஒருவர் கேட்டால், அருகில் என்ன இருந்தது என்று எழுதிய வரிதான் பதில் சொல்ல வேண்டும்.

இனிப் பதிவு.

கடலடியில் முதலில் சட்டகம் அமைப்பார்கள். பெரும்பாலும் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும். சுழியோடி ஒரு பொருளைக் கண்டால் அசைப்பதற்கு முன்பே சதுரம், ஆழம், கிடந்த திசை மூன்றையும் எழுதுபலகையில் குறித்து, படமெடுத்து, எண்பொறித்த பிளாஸ்டிக் சீட்டை நைலோன் நூலால் கட்டுகிறார். செப்புக் கம்பியாலோ இரும்புக் கம்பியாலோ கட்டக் கூடாது. அந்தக் கம்பியே அடுத்த அரிப்பைத் தொடக்கிவிடும். எண் நீருக்கடியிலேயே பொருளோடு சேர்ந்துவிட வேண்டும். படகில் ஏறியபிறகு கொடுக்கலாம் என்று விட்ட எண்கள் மாறிப்போகும். ஒரே வாளிக்குள் நாலு சதுரத்து ஆணிகள் விழுந்துவிட்டால் பிறகு எந்தக் கருவியாலும் அவற்றைப் பிரிக்க முடியாது.

கரைக்கு வந்த கட்டியை உடைக்கும் அவசரம் எவருக்கும் இருக்கும். அதற்கு முன் எக்ஸ்கதிர்ப் படம். ஈயம் வெள்ளையாகத் தெரியும். கரைந்துபோன ஆணியின் வெற்றிடம் இருளாகத் தெரியும். பொத்தானின் வட்டம் நடுவில் எங்கோ மங்கலாக நிற்கும். அந்தப் படமும் பதிவேட்டின் ஒரு பக்கம். கட்டிக்கு 47 என்ற எண் இருக்கிறது என்று கொள்வோம். உள்ளிருந்து எடுப்பவை 47.1, 47.2, 47.3 என்று தாயின் எண்ணைச் சுமந்தே வெளிவர வேண்டும். ஆணியின் வெற்றிடத்துக்குள் எப்பொக்சிப் பிசினை ஊற்றி இறுகவிட்டு, மேலோட்டை அகற்றினால் ஆணி கிடைக்கும். சம்மட்டி பட்ட தலையின் தழும்புகூடத் தெரியும். ஆனால் அதில் இரும்பு இல்லை. பதிவில் ‘பொருள்: பிசின் வார்ப்பு, மூலம்: இரும்பு’ என்று நேர்மையாக எழுத வேண்டும். இருபது ஆண்டு கழித்து ஒருவர் உலோகப் பகுப்பாய்வுக்கு அதைக் கேட்டு வாங்கும்போது இந்த ஒரு வரி அவருடைய மாதங்களைக் காப்பாற்றும்.

விவரணத்தில் ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. முதலில் கண்ணுக்குத் தெரிவது, பிறகு கருத்து. ‘வளைந்த செப்புக் கம்பி, நீளம் 62 மி.மீ., ஒரு முனை கூர், மறுமுனை தட்டையானது.’ இதை எழுதிய பின்னரே ‘தூண்டிலாக இருக்கலாம்’. எடுத்த எடுப்பில் தூண்டில் என்று எழுதிவிட்டால், அது தையற்காரரின் கொக்கி என்று தெரியவரும் நாளில் திருத்துவதற்கு அடியில் ஒன்றும் இருக்காது. ஒரே பொருளை ஒருவர் கொளுக்கி என்றும் மற்றவர் வளையம் என்றும் எழுதுவதைத் தடுக்க, வேலை தொடங்கும் முன்பே ஒரு சொற்பட்டியலை ஒப்புக்கொள்ள வேண்டும். மானிப்பாய் அகராதி என்று வழங்கும் யாழ்ப்பாண அகராதி 1842 இல் வெளிவந்தபோது அதில் 58,500 சொற்கள் இருந்தன. சந்திரசேகர பண்டிதர் முதலியோர் அத்தனையையும் அகர வரிசையில் நிறுத்தியதால்தான் எவரும் எதையும் தேடி எடுக்க முடிந்தது. உலோகப் பொருட்களின் பதிவேடும் அப்படி ஓர் அகராதிதான். ஒரே ஒரு வேறுபாடு: இங்கே ஒரு சொல் தன் பக்கத்திலிருந்த சொற்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அளவுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் சின்னப் பொருள் அதிகம் பேசுவது அளவுகளில்தான். துப்பாக்கியின் ஈயக்குண்டை எடுத்துக்கொள்வோம். சுடப்படாத குண்டின் விட்டத்தை வேணியர் இடுக்கியால் அளந்தால், எந்தத் துளையளவுள்ள துப்பாக்கிக்கு அது வார்க்கப்பட்டது என்று கணிக்கலாம். சுடப்பட்டு நசுங்கியது என்றால் விட்டம் கிடையாது. நிறை இருக்கிறதே! ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம். 29 கிராம் நிறையுள்ள நசுங்கிய ஈயத்துண்டு, நசுங்குமுன் ஏறத்தாழ 17 மி.மீ. விட்டமுள்ள குண்டாக இருந்திருக்க வேண்டும். பாடசாலைக் கணக்குத்தான். ஆனால் நூறு குண்டுகளின் நிறையையும் வரிசையாக எழுதி வரைபடமாக்கினால், கப்பலில் எத்தனை வகைத் துப்பாக்கி இருந்தது என்பது புடைத்துக்கொண்டு எழும். ஒரு தனிக் குண்டு இதைச் சொல்லவே சொல்லாது.

ஈயத்தில் பொறித்த எழுத்து கிடைத்தால் அதைவிட நேரடியான சாட்சி இல்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், பூம்புகார்க் கரைக்கு அப்பால், கோவாவிலுள்ள இந்தியத் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 1991 இல் ஓர் உடைந்த கப்பலை ஆய்ந்தார்கள். அங்கே கிடைத்த ஈயப் பாளங்களில் டபிள்யூ. பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் இருந்தன. வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்கள் வைத்திருந்த குடும்பத்தின் பெயர் பிளாக்கெட். பாளத்தின் ஆண்டு கப்பல் மூழ்கிய ஆண்டு ஆகிவிடாது. 1792 க்கு முன் மூழ்கியிருக்க முடியாது என்ற கீழெல்லையை மட்டும் அது தரும். ஈயத்தின் சமதானி விகிதங்களையும் அளந்து அதன் தாதுவின் ஊரைத் தேடினார்கள். எழுத்தும் அணுவும் ஒரே பொருளில் ஒன்றையொன்று சரிபார்க்கும் அழகான சந்தர்ப்பம் அது.

பதிவேட்டில் அடுத்து வருவது மருத்துவக் குறிப்பு. இரும்பை எடுத்த கணம் முதல் நீருக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். பிறகு சோடியம் ஐதரொட்சைட்டு போன்ற காரக் கரைசலில் ஊறவைத்துக் குளோரைட்டை மெல்ல மெல்ல வெளியேற்ற வேண்டும். மெல்லிய மின்னோட்டம் கொடுத்தால் வேகம் கூடும். வெள்ளியாக இருந்தால், மின்னோட்டம் கறுத்த சல்பைட்டில் ஒரு பகுதியைத் திரும்பவும் உலோகமாக்கிக்கூடத் தரும். குளோரைட்டு இன்னும் வருகிறதா என்று அறிய, கரைசலில் சிறிதளவு எடுத்து நைத்திரிக் அமிலத்தால் காரத்தை முறித்து, ஒரு சொட்டு வெள்ளி நைத்திரேற்று விட வேண்டும். வெண்மையாகக் கலங்கினால் வேலை முடியவில்லை. உயர்தர வகுப்பு மாணவர் ஆய்வுகூடத்தில் செய்யும் அதே சோதனை. சின்ன ஆணிக்கு மாதங்கள், பீரங்கிக்கு ஆண்டுகள். ஒவ்வொரு முறை அளந்த அளவும் பொருளின் எண்ணுக்கு நேரே ஏற வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறுவது. கரையோரக் கிணறுகளில் உவரும் கலந்திருக்கும். குளோரைட்டை வெளியேற்றப்போய்க் குளோரைட்டிலேயே கழுவியதாக முடியும். கடைசிக் கழுவலுக்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். மாரி மழையில் பிடித்துவைத்த சுத்தமான நீரும் கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல். இறுதியில் இரும்புக்குத் தனிக் அமிலம் பூசுவார்கள். இரும்பும் கடுக்காயும் சேர்ந்து மை கறுக்கும் அதே தாக்கம், இங்கே உலோகத்தின்மேல் நீலக்கறுப்பான காப்புப் படையாகிறது.

ஒழுங்குபடுத்தி அடுக்கும்போது ஒரு முரண் வருகிறது. ஒரே கட்டியில் ஒன்றாகக் கிடந்த 47.1, 47.2, 47.3 ஐ ஒரே பெட்டியில் வைக்க மனம் சொல்லும். உலோகம் சம்மதிக்காது. இரும்புக்கு நன்றாகக் காய்ந்த காற்று வேண்டும். சிலிக்கா ஜெல் போட்டு இறுக்கமாக மூடிய பெட்டி. ஈயத்தை மர அலுமாரியிலோ மட்டைப் பெட்டியிலோ வைத்தால், அவை விடும் சேதன அமில ஆவியே அதை வெண்தூளாக்கிவிடும். ஆகவே மூன்றும் மூன்று அறைக்குப் போகின்றன. கடல் முந்நூறு ஆண்டு சேர்த்து வைத்திருந்ததை நாம் காப்பாற்றுவதற்காகவே பிரிக்கிறோம். அதன்பிறகு அவை ஒன்றாக இருப்பது பதிவேட்டில் மட்டும்தான்.

அதனால் அந்த ஏடு ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து. காலியில் நடந்தது இதற்குச் சாட்சி. அவொண்ட்ஸ்ரர் என்ற ஒல்லாந்தக் கம்பனிக் கப்பல், பாக்கு ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் புறப்படவிருந்த வேளையில், 1659 ஜூலை 2 அன்று காலித் துறைமுகத்தில் நங்கூரம் நழுவித் தரைதட்டியது. யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போய் ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பழைய கப்பல் அது. 1990 களில் காலித் துறைமுகத்தில் நடந்த ஆய்வுகளில் அதன் எச்சம் அகப்பட்டது. மத்திய கலாசார நிதியத்தின் கடல்சார் தொல்லியல் பிரிவினர் 2001 முதல் அதை அகழ்ந்தார்கள். அடுப்படியின் செங்கல்கூடக் குலையாமல் கிடந்த அரிய கப்பல். இலங்கைச் சுழியோடிகள் ஒரு தலைமுறையே அங்கே பயின்று வந்தது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை கரையோரத்திலிருந்த அந்தப் பிரிவின் அலுவலகத்தையும் ஆய்வுகூடத்தையும் அழித்தது. உப்பு நீங்கக் காத்திருந்த பொருட்கள் பல, தொட்டியோடு கடலுக்கே திரும்பின. அப்படிப் போன ஒரு பொருளில் நமக்கு மிஞ்சுவது அதன் வரைபடம், படம், அளவு, கிடந்த இடம் ஆகியவைதான். நல்ல பதிவு இருந்தால் அது போதுமானதும்கூட. இன்று எந்த அகழ்வும் பதிவேட்டின் படிகளை வேறு வேறு ஊர்களில் வைப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அந்தக் கடல்சார் பிரிவு மீண்டு எழுந்தது. அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாய கடலடியில், சங்கு குளிக்கும் மீனவர் 2003 இல் கண்டுகொடுத்த தடயத்திலிருந்து, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைமையுள்ள கப்பலொன்று வெளிப்பட்டது. பின்னர் அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வாளரும் சேர்ந்து அதை ஆய்ந்தார்கள். கண்ணாடிப் பாளங்களோடு இரும்பும் செம்பும் இறுகிப் பெரும் பாறையாகக் கிடக்கின்றன. அந்தக் கப்பலை முதலில் கண்டவர் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர் அல்லர் என்பதை வடக்கில் நாம் மறக்கக் கூடாது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் காரைநகரிலும் வலை இழுப்பவர்களுக்கும், சங்கும் அட்டையும் குளிப்பவர்களுக்கும் எங்கள் கடலடி தெரிந்த அளவுக்கு வேறெவருக்கும் தெரியாது. வலையில் ஏறும் பச்சை பிடித்த உலோகம் பழைய இரும்புக் கடையில் நிறைக்கு விலைபோய்விடுகிறது. அங்கே எல்லாச் செம்பும் ஒரே செம்பு.

வலையில் அப்படி ஏதாவது ஏறினால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கைத்தொலைபேசியோ ஜீபிஎஸ் கருவியோ காட்டும் இடக்குறிப்பை அந்த இடத்திலேயே பதிந்துகொள்ள வேண்டும். சுரண்டவோ தட்டவோ எலுமிச்சைச் சாறோ புளியோ போட்டுத் தேய்க்கவோ கூடாது. பிளாஸ்டிக் வாளியில், எடுத்த கடல்நீரிலேயே மூழ்கவைத்து மூடிவைக்க வேண்டும். அதோடு சேர்ந்து வந்த கல், ஓடு, கட்டைத் துண்டு எதையும் திருப்பி எறியாமல் அதே வாளிக்குள் போட வேண்டும். சொரசொரப்பான ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கில் பென்சிலால் நாள், இடம், ஆழம் மூன்றையும் எழுதி உள்ளே போட்டுவிட்டு, யாழ்ப்பாணத்திலுள்ள தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பென்சில் எழுத்து கடல்நீரில் அழியாது.